புல் மூடிய தண்டவாளம்



நம் கள்ளக்குறிச்சியில் ரயிலைப் பற்றிப் பேச்செடுத்தால் பெரியவர்களின் முகத்தில் ஒரு புன்னகை தோன்றும். நம்பிக்கையும் சலிப்பும் சரிபாதியாகக் கலந்த புன்னகை அது. சேலத்திலிருந்து விருத்தாசலம் செல்லும் பாதை நம் பாட்டன்மார் காலத்திலேயே சின்னசேலத்தைத் தொட்டுவிட்டது. சின்னசேலத்துக்கும் நமக்கும் இடையே ஏறக்குறைய 16 கிலோமீட்டர்தான். அந்த 16 கிலோமீட்டருக்காக நம் ஊர் எத்தனை ஆண்டுகள் காத்திருந்தது, எத்தனை மனுக்கள் எழுதியது என்பதை நீங்கள் அறிவீர்கள். 2019இல் நம் ஊர் மாவட்டத் தலைநகரமாயிற்று. அப்போதும் நாம் பிறரிடம் முதலில் சொல்லிக்கொண்டது, "ரயிலுக்குச் சின்னசேலம் போக வேண்டும்" என்பதுதான்.

ஆனால் இந்த வாரம் நான் எழுத விரும்புவது வரவேண்டிய ரயிலைப் பற்றி அல்ல. கைவிடப்பட்டுப் புல் மூடிப்போன ஒரு ரயில்பாதையைப் பற்றியும், அதைக் கூலி வாங்காமல் மீட்டெடுத்த மனிதர்களைப் பற்றியும் எழுதுகிறேன். அதைச் சொல்லி முடித்தபின், நம் சபை கைவிட்ட ஒரு பாதையைப் பற்றியும் சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பகுதியை எழுத எனக்கு எளிதாக இல்லை. ஆகையால் பொறுமையோடு கடைசிவரை வாசிக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

கைவிடப்பட்ட ரயில்பாதை நமக்குத் தூரத்துச் சங்கதி அன்று. கல்வராயன் மலையின் மேற்கே, அரூருக்கு அப்பால், மொரப்பூர் இருக்கிறது. அங்கிருந்து தர்மபுரிக்கு 1906ஆம் ஆண்டு ஒரு குறுகிய ரயில்பாதை திறக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடையே இரண்டரை அடிதான் அகலம். பஞ்சம் வந்தால் தானியம் கொண்டுபோகப் பாதை வேண்டும் என்ற எண்ணத்தோடு போடப்பட்ட பாதை அது. பின்னர் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அந்தப் பாதை மூடப்பட்டது. தண்டவாளங்கள் பெயர்த்து எடுக்கப்பட்டன. பஞ்சத்துக்கு உதவ வந்த பாதை போருக்கு இரும்பாகப் போயிற்று. அதே இரு ஊர்களையும் மீண்டும் ரயிலால் இணைக்க வேண்டும் என்று அடுத்த தலைமுறைகள் வெகுகாலம் கேட்டுக்கொண்டிருக்க நேர்ந்தது. ஒரு பாதையை எடுத்துவிடச் சில மாதங்கள் போதும். திரும்பப் போட ஒரு மனிதனின் ஆயுளும் போதாமல் போகலாம்.

இனி, கடல் கடந்து பிரிட்டனின் மேற்குப் பகுதியான வேல்ஸ் நாட்டுக்கு என்னோடு வாருங்கள். அங்கே டவின் என்ற கடலோரச் சிற்றூர் இருக்கிறது. அதிலிருந்து மலைப் பள்ளத்தாக்குக்குள் சுமார் 11 கிலோமீட்டர் தூரம் போகும் பாதைக்கு டாலிலின் ரயில்பாதை என்று பெயர். கூரைக்கு வேயும் பலகைக்கல்லை மலைக் குவாரியிலிருந்து கீழே கொண்டுவருவதற்காக 1860களில் அது போடப்பட்டது. தண்டவாள இடைவெளி 2 அடி 3 அங்குலம் மட்டுமே. நம் அகலப்பாதையின் இடைவெளி 5 அடி 6 அங்குலம் என்பதை நினைத்தால், அது எவ்வளவு சிறியது என்று விளங்கும்.

1946இன் இறுதியில் குவாரிக்குள் பாறை சரிந்தது, குவாரி மூடப்பட்டது. பாதைக்குச் சுமையும் இல்லை, வருமானமும் இல்லை. அதன் உரிமையாளர் சர் ஹென்றி ஹேடன் ஜோன்ஸ் முதியவர். தாம் உயிரோடு இருக்கும்வரை ரயில் ஓடும் என்று வாக்குக் கொடுத்திருந்தார். நஷ்டத்தில் ஓட்டி அந்த வாக்கைக் காத்தார். 1950 ஜூலையில் அவர் காலமானார். அரசு நாட்டின் ரயில்களையெல்லாம் தன் கையில் எடுத்தபோது இந்தச் சின்னப் பாதையை விட்டுவிட்டது. அப்போது அதன் நிலை என்ன? ஸ்லீப்பர் கட்டைகள் மக்கிப்போயின. இரும்பு தேய்ந்துபோயிற்று. தண்டவாளத்தைப் பிடித்து நிறுத்தியிருப்பது புல்லின் வேர்தான் என்று வேடிக்கையாகப் பேசிக்கொள்ளும் அளவுக்கு மோசம். இருந்த இரண்டு நீராவி எஞ்சின்களில் ஓடக்கூடிய நிலையில் இருந்தது ஒன்றே.

அந்த ஆண்டு அக்டோபர் 11ஆம் தேதி, பர்மிங்காம் நகரத்து ஹோட்டல் ஒன்றில் ஒரு கூட்டம் நடந்தது. எழுத்தாளரும் பொறியாளருமான டாம் ரோல்ட் அதைக் கூட்டினார். ஏறக்குறைய எழுபது பேர் வந்தார்கள். நாமே போய், நம் கைகளால், நம் விடுமுறை நாட்களில், இந்தப் பாதையை ஓடவைப்போம் என்று தீர்மானித்தார்கள். உரிமையாளரின் விதவை மனமுவந்து பாதையை ஒப்படைத்தார். 1951 மே 14ஆம் தேதி, பாதையின் ஒரு பகுதியில் முதல் ரயிலை ஓட்டினார்கள். அருகில் மூடப்பட்டுப்போன வேறொரு பாதையின் இரண்டு எஞ்சின்களை அதே ஆண்டில் ஒவ்வொன்றும் 25 பவுனுக்கு வாங்கினார்கள். தன்னார்வலர்கள் மீட்டு நடத்திய முதல் ரயில்பாதை உலகிலேயே அதுதான். 2021இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியமாக ஏற்றுக்கொண்ட வேல்ஸ் பலகைக்கல் நிலப்பரப்பில் அந்தப் பாதையும் அடங்கும். இன்றும் அங்கே ரயில் ஓடுகிறது.

இதுவரை சொன்னது வெற்றிக் கதை. நம் பிரசங்கங்களில் இந்த இடத்தோடு முடித்துவிடுவது வழக்கம். ஆனால் எனக்குப் பாடமாக அமைந்தது இதற்குப் பிறகு நடந்ததே.

ரயில்பாதை என்பது ஒருமுறை கட்டி முடிக்கும் கட்டடம் அன்று. மழை பெய்தால் ஜல்லிக்கு அடியில் நீர் தேங்கும். நீர் தேங்கினால் மண் இளகும். மண் இளகினால் ஸ்லீப்பர் அமுங்கும். ஸ்லீப்பர் அமுங்கினால் தண்டவாளம் சாயும். ஆகையால் ஆண்டுதோறும் ஓடைக் குழாய்களைத் தூர்வார வேண்டும். புதர் வெட்ட வேண்டும். மக்கிய கட்டையை உருவிப் புதியதைச் செருக வேண்டும். அதன் அடியில் ஜல்லியைக் குத்தி இறுக்க வேண்டும். கடைசிக் கட்டையை மாற்றி முடிக்கும்போது, முதலில் மாற்றிய கட்டை மக்கத் தொடங்கியிருக்கும். நம் சின்னசேலம் பாதையில் கீமேன் ஒருவர் தோளில் சுத்தியலும் ஸ்பேனருமாகத் தண்டவாளத்தின் ஓரமாக நடந்து போவதைப் பார்த்திருப்பீர்கள். நேற்று நடந்த அதே பாதையில் அவர் இன்றும் நடக்கிறார், நாளையும் நடப்பார். அவர் நடப்பதால்தான் நாம் ரயிலில் தூங்குகிறோம்.

டாலிலின் தன்னார்வலர்கள் ஏற்றுக்கொண்டது இந்த வேலையைத்தான். எஞ்சினை ஓட்ட ஆசைப்படுவோர் எங்கும் கிடைப்பார்கள். மழையில் நனைந்து ஓடையைத் தூர்வார வருவோரைத் தேட வேண்டும். எழுபது ஆண்டுகளுக்கும் மேலாக அப்படிப்பட்டவர்கள் வந்துகொண்டே இருந்தார்கள். அதுதான் அதிசயம்.

அவர்களில் ஒருவர் ஒரு போதகர். ஆங்கிலிக்கன் திருச்சபையைச் சேர்ந்த வில்பர்ட் ஆட்ரி. நம் வீட்டுப் பிள்ளைகள் தொலைக்காட்சியில் பார்க்கும் 'தாமஸ்' என்ற நீல நிற ரயில் எஞ்சினைப் படைத்தவர் அவர்தான். அம்மை போட்டுப் படுத்திருந்த தம் மகனைத் தேற்றுவதற்காகத்தான் அவர் எஞ்சின் கதைகளைச் சொல்லத் தொடங்கினார். 1952இல் அவர் விடுமுறைக்கு டாலிலின் பாதைக்குப் போய் கார்டு வேலை செய்தார். ஒருநாள், சிற்றுண்டி விற்கும் அம்மாள் வண்டியில் ஏறுவதற்கு முன்பே பச்சைக்கொடி காட்டி, அவரை நிலையத்திலேயே விட்டுவிட்டு ரயிலைப் புறப்படச் செய்துவிட்டார். போதகர் அதை மறைக்கவில்லை. பின்னர் தம் கதைப் புத்தகம் ஒன்றிலேயே அந்தச் சம்பவத்தைச் சேர்த்துவிட்டார். தவறியவர் வெட்கப்பட்டு விலகாமல் மறுபடியும் பணியில் நின்றார் என்பதை நான் நினைத்துக்கொள்கிறேன். தன்னார்வப் பணியில் பிழை வரும். பிழைக்குப் பயந்து வராமல் இருப்பது பிழையைவிடப் பெரிய சேதம்.

அதே வேல்ஸ் நாட்டில் ஃபெஸ்டினியாக் என்ற இன்னொரு பாதை உண்டு. 1946இல் மூடப்பட்டது. தன்னார்வலர்கள் அதை மீட்டுவந்த காலத்தில் பாதையின் ஒரு பகுதி நீர்மின் திட்டத்தின் நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. வழி அடைபட்டுவிட்டது என்று அவர்கள் திரும்பிப் போயிருக்கலாம். 1965இல் மண்வெட்டியும் கடப்பாறையுமாக, நீருக்கு மேலே மலைச்சரிவில் புதுப் பாதை வெட்டத் தொடங்கினார்கள். பாதை உயரம் ஏறுவதற்காகத் தன்னையே ஒருமுறை சுற்றி மேலே போகும்படி அமைத்தார்கள். 1982இல்தான் ரயில் கடைசி ஊரைச் சேர்ந்தது. 1965இல் இளைஞராய் மண் வெட்டியவர் 1982இல் நடுவயதுக்காரர். இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் எத்தனை முறை "இது எப்போது முடியும்?" என்று கேட்டிருப்பார்!

இங்கே ஓர் எதிர்ப்பு எழுவது நியாயம். "ஐயா, பிழைப்புக்கு வழி இருக்கிறவர்களின் பொழுதுபோக்கு இது. நம் மலை ஊர்களில் சாலையே சரியில்லை. பழைய ரயிலைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதால் யாருக்கு என்ன நன்மை?" என்று நீங்கள் கேட்கலாம். இந்தக் கேள்வியை நான் தட்டிவிடமாட்டேன். மலைக்குச் சாலை, பள்ளிக்கு ஆசிரியர், மருத்துவமனைக்கு மருத்துவர் ஆகியவை அரசின் கடமை. தன்னார்வலர் வந்துவிட்டார்கள் என்று அரசு ஒதுங்குவதற்கு நாம் சாக்காகிவிடக் கூடாது. மேலும், ஓடுகிற ரயில்பாதையில் நாமாகப் போய்க் கைவைக்கவும் முடியாது. அனுமதியின்றித் தண்டவாளப் பகுதிக்குள் நுழைவது 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டப்படி குற்றம். நம் நீலகிரி மலை ரயில் 2005 முதல் உலகப் பாரம்பரியம். அதைக் காப்பது ரயில்வேயின் சொந்தத் தொழிலாளர்களே. திருச்சி பொன்மலைப் பணிமனை அந்த மலைப்பாதைக்காகப் புதிதாகவே நீராவி எஞ்சின்களைக் கட்டிக் கொடுத்திருக்கிறது. தேர்ந்த கைகளுக்கு உரிய கூலி கொடுக்கப்படுவதே நீதி. டாலிலினிலும் ஊதியம் பெறும் பணியாளர்கள் உண்டு. ஊதியம் இல்லாமல் செய்வதே உயர்ந்தது என்று நான் சொல்லவரவில்லை.

நான் சொல்லவருவது இதுதான்: ஒன்றை மீட்பது என்பது திறப்பு விழா நாளில் நடப்பது அன்று, விழா முடிந்தபின் ஒவ்வொரு வாரமும் திரும்பி வருவதில்தான் அது நடக்கிறது. திரும்பி வருகிறவர்கள் இல்லாவிட்டால், மீட்டது மறுபடியும் புல்லுக்குள் போய்விடும்.

வேதத்தில் நெகேமியாவின் புத்தகத்தை எடுத்து மூன்றாம் அதிகாரத்தை வாசித்துப் பாருங்கள். பலர் வாசிக்காமல் தாண்டிப் போகும் பெயர்ப்பட்டியல் அது. இடிந்த அலங்கத்தைப் பழுதுபார்க்க வந்தவர்களில் ஆசாரியர் இருக்கிறார்கள். பொற்கொல்லர், தைலக்காரர், வியாபாரிகள் இருக்கிறார்கள். ஒரு தலைவர் தம் குமாரத்திகளோடு வந்து நிற்கிறார். பலர் தங்கள் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினார்கள். தெக்கோவாவின் பெரியவர்கள் மட்டும் கழுத்தை வளைக்க மனதில்லாமல் நின்றார்கள் என்பதும் எழுதப்பட்டிருக்கிறது. 52 நாளில் அலங்கம் எழுந்தது.

நாம் அடிக்கடி பேசுவது இந்த 52 நாட்களைப் பற்றி. ஆனால் அதே புத்தகத்தின் கடைசி அதிகாரத்தைக் கவனியுங்கள். நெகேமியா ராஜாவிடம் போயிருந்து சிலகாலம் கழித்துத் திரும்புகிறார். அலங்கம் நின்றுகொண்டிருக்கிறது. ஆனால் லேவியருக்குச் சேரவேண்டிய பங்கு கொடுக்கப்படாததால், அவர்கள் ஆலயப்பணியை விட்டுத் தங்கள் வயல்களுக்கு ஓடிப்போயிருந்தார்கள். ஓய்வுநாளில் வாசல்களில் வியாபாரம் நடந்துகொண்டிருந்தது. கல்லை ஒருமுறை அடுக்கினால் நிற்கும். மனிதர் ஏற்ற ஒழுங்கை ஒவ்வொரு வாரமும் அடுக்க வேண்டியிருக்கிறது. அதனால்தானோ என்னவோ, அந்தப் புத்தகம் 52ஆம் நாளின் சந்தோஷத்தோடு முடியாமல், அந்தக் கசப்பான திருத்தங்களோடு முடிகிறது.

இப்போது நம் சபைக்கு வருகிறேன்.

நான்கு ஆண்டுகளுக்கு முன் கச்சிராயபாளையம் வழியாக மலையேறி, வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சிற்றூரில் சனிக்கிழமை மாலைப் பாடசாலை ஒன்றை நாம் தொடங்கியது உங்களுக்கு நினைவிருக்கும். அந்த ஊரின் பெயரை இங்கே எழுதவில்லை. முதல் நாள் இரண்டு வேன்களில் போனோம். கரும்பலகை, நோட்டுப் புத்தகம், பென்சில், இனிப்பு எல்லாம் கொண்டு போனோம். படம் எடுத்தோம், அந்தப் படம் வெகுநாள் நம் ஆலய அறிவிப்புப் பலகையில் இருந்தது. 17 பிள்ளைகள் வந்தார்கள். வாலிபர் சங்கத்தார் உற்சாகமாகக் கற்பித்தார்கள். பிறகு பரீட்சை வந்தது, கல்யாணங்கள் வந்தன, கரும்பு வெட்டு வந்தது, மழை வந்து மலைச்சாலை கெட்டது. ஒரு சனிக்கிழமை விட்டோம். அடுத்த சனிக்கிழமையும் விட்டோம். ஏழாம் மாதத்தில் நின்றுபோயிற்று. யாரும் சண்டையிடவில்லை, யாரும் நிறுத்துவோம் என்று தீர்மானம் போடவில்லை. புல் அப்படித்தான் மூடும்.

சென்ற மாதம் ஒரு துக்கவீட்டுக்காக நான் அந்த ஊருக்குப் போனேன். நம் கரும்பலகையைப் பார்த்தேன். ஒரு வீட்டின் ஆட்டுப்பட்டிக்குக் கதவாகச் சாத்தியிருந்தது. அந்த வீட்டுப் பாட்டி என்னை அடையாளம் கண்டுகொண்டார். மரவள்ளிக்கிழங்கு வேகவைத்துக் கொடுத்தார். பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "நீங்க வராம நின்ன பொறவும் புள்ளைங்க சனிக்கெழம ஆனா ரோட்டுக்குப் போயி குந்தியிருக்கும் ஐயா. இருட்டினாத்தான் வரும். பொறவு நாங்கதான் போவ வேணாம்னு சொல்லிட்டோம்."

அவர் என்னைக் குற்றம் சொல்லவில்லை. மழை பெய்ததைச் சொல்வதுபோலச் சொன்னார். அப்போது ஐந்தாம் வகுப்பில் இருந்த ஒரு சிறுமியைப் பற்றி விசாரித்தேன். நன்றாகக் கணக்குப் போடுகிற பிள்ளை. பெற்றோரோடு குடகுக்குக் காப்பித் தோட்ட வேலைக்குப் போய்விட்டாள் என்றார்கள். நாம் தொடர்ந்து போயிருந்தால் அவள் படிப்பு நின்றிருக்காது என்று நான் உறுதியாகச் சொல்ல முடியாது. வறுமைக்கு வாரம் இரண்டு மணி நேரப் பாடம் மருந்தாகிவிடாது. ஆனால் சாலையோரம் காத்திருந்த பிள்ளைகளுக்கு நாம் ஒரு பாடத்தை உறுதியாகக் கற்பித்துவிட்டோம்: கீழே இருந்து வருகிறவர்கள் வருவார்கள், படம் எடுப்பார்கள், பிறகு வரமாட்டார்கள். இந்தக் குற்றத்தில் முதல் பங்கு என்னுடையது. ஏன் நின்றது என்று விசாரித்திருக்க வேண்டியவன் நான். விசாரிக்கவில்லை.

இதை நம் கமிட்டியில் சொன்னபோது, ஒரு ஆசிரியரைச் சம்பளத்துக்கு வைத்துவிடலாம் என்று சிலர் அன்போடு சொன்னார்கள். நல்ல யோசனைதான், வசதி வந்தால் செய்வோம். ஆனால் என் மனம் அதில் முழுதாக அமையவில்லை. அந்தப் பிள்ளைகளிடம் நாம் பட்டிருப்பது பணக்கடன் அன்று; வருவோம் என்று சொல்லி வராமல் போன கடன். அதைப் போய்த்தான் தீர்க்க வேண்டும்.

ஆகையால் உங்களிடம் ஒன்று கேட்கிறேன். எட்டுப் பேர் வேண்டும். இரண்டு இரண்டு பேராக, ஒவ்வொருவருக்கும் மாதத்தில் ஒரே ஒரு சனிக்கிழமை. இரண்டு ஆண்டுகள். துவக்க விழா இல்லை, பதாகை இல்லை, படம் எடுக்கப் போவதில்லை. அந்தப் பிள்ளைகளிடமிருந்தும் அவர்கள் குடும்பத்தாரிடமிருந்தும் நாம் எதையும் எதிர்பார்த்துப் போகப் போவதில்லை. வாசிப்பும் கணக்கும் மட்டும். பாடம் நடத்தத் தெரியாதவர்கள் விளக்குப் பிடிக்கலாம், பென்சில் சீவிக் கொடுக்கலாம், வண்டி ஓட்டலாம். பொற்கொல்லரும் தைலக்காரரும் கல் அடுக்கக் கற்றுக்கொண்டுதானே வந்தார்கள்? வர இயலாத நாள் வந்தால், முன்கூட்டியே சொல்லி உங்கள் இடத்தில் வேறொருவரை அனுப்புவது உங்கள் பொறுப்பு. உற்சாகத்தில் உடனே பெயர் கொடுக்க வேண்டாம். வீட்டில் பேசுங்கள், ஜெபியுங்கள், இரண்டு ஆண்டுகளில் வரப்போகிற மழையையும் கல்யாணங்களையும் நினைத்துப் பாருங்கள். அதன்பிறகும் முடியும் என்று தோன்றினால் ஆராதனை முடிந்து என்னிடம் வாருங்கள். முதல் சனிக்கிழமை நான் போகிறேன். முதலில் அந்தப் பாட்டியிடம் மன்னிப்புக் கேட்க வேண்டும். ஆட்டுப்பட்டிக்கு வேறொரு கதவும் செய்து கொடுக்க வேண்டும்.

நாங்கள் தொடங்கிப் பாதியில் விட்ட பாதைகளை எங்களுக்கு நினைப்பூட்டும், ஆண்டவரே. வெட்கத்தினால் விலகி நிற்காமல் திரும்பிப்போக எங்களுக்குக் கால்களைத் தாரும். ஆமென்.

கிறிஸ்துவின் பணியில்,
உங்கள் போதகர்